"எல்லாத்தையும் கிளவுடுக்குத் தூக்கிடுங்க": விஎம்வேர் சப்போர்ட் முடியும் நேரத்தில் சொந்த சர்வரா, வாடகையா?

கேள்வி, 2024 பிப்ரவரி 17

ஈரோடு பக்கம் ஒரு நூற்பாலையில் ஐடி பார்க்கிறேன். மூன்று சர்வர், மேலே விஎம்வேர் (ஒரு சர்வரைப் பல சர்வராகப் பிரித்து ஓட்டும் சாஃப்ட்வேர்), அதில் இருபதுக்குக் கொஞ்சம் மேல் விஎம்கள், அதாவது அப்படிப் பிரித்த மெஷின்கள். ஈஆர்பி (மில்லின் ஸ்டாக், உற்பத்தி, விற்பனை எல்லாம் பார்க்கும் சாஃப்ட்வேர்), டேலி, சம்பளம், வருகைப்பதிவு, ஃபைல் சர்வர், மெஷின் டேட்டா எடுக்கும் சாஃப்ட்வேர் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. சப்போர்ட் முடியப் போகிறது. இனி நிரந்தர லைசென்ஸ் கிடையாது, சந்தாதான் என்று ஆகிவிட்டது. சின்ன முதலாளி "சர்வர் ரூமையே மூடிடலாம், எல்லாத்தையும் கிளவுடுக்குத் தூக்கிடுங்க" என்கிறார். அமேசான், மைக்ரோசாஃப்ட் மாதிரி நிறுவனங்களின் சர்வரை வாடகைக்கு எடுப்பதைச் சொல்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. சொந்த சர்வர் காலம் முடிந்துவிட்டது. கோவை அண்ணன் ஒருவர் இங்கே எழுதுவார், அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம்.

2024 பிப்ரவரி 17, இரவு (கோவை அண்ணன்)

முடிந்துவிட்டது என்று யார் சொன்னது தம்பி?

நடந்ததை முதலில் பிரித்துப் பார்க்கலாம். பிராட்காம் என்ற அமெரிக்க சிப் கம்பெனி விஎம்வேரை வாங்கி முடித்தது 2023 நவம்பர் 22. டிசம்பரில் நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது. இந்த வாரம் விஎம்வேரின் அடித்தள சாஃப்ட்வேரான இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பும் போய்விட்டது. அதனால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் லைசென்ஸ் செத்துவிடாது, சர்வர் நாளைக்கும் ஓடும். பழைய முறையில் புதுப்பிக்க முடியாதது சப்போர்ட் ஒப்பந்தம்தான். வெர்ஷன் 7 என்றால் பொது ஆதரவு 2025 ஏப்ரல் 2 வரை. 8 என்றால் 2027 அக்டோபர் வரை. எந்த வெர்ஷன் என்று நீங்கள் சொல்லவே இல்லையே. அதைச் சொல்லுங்கள், அப்புறம் பதறலாம்.

2024 பிப்ரவரி 18

7 என்கிறார். சரி, ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அவசரம் இல்லை.

சின்ன முதலாளிக்குச் சொல்ல ஒரு விஷயம். விஎம்வேரை விட்டுக் கிளவுடுக்குப் போவது என்றால் விர்ச்சுவலைசேஷனை (ஒரு மெஷினைப் பலவாகப் பிரித்து ஓட்டுவதை) விட்டுப் போவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே போனாலும் நீங்கள் விஎம்தான் வாங்கப் போகிறீர்கள். அமேசான் 2006 ஆகஸ்டில் இசி2 என்ற விஎம் வாடகைச் சேவையைத் திறந்தபோது அடியில் இருந்தது ஸென் ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் அடித்தள சாஃப்ட்வேர்), கேம்பிரிட்ஜில் பிறந்தது. 2017இலிருந்து நைட்ரோ என்ற அமைப்பு, அது லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் அடிப்படையில் வந்தது. ஆக, உங்கள் ரேக்கில் இருக்கும் அதே வேலையை வேறு யாரோ பெரிய அளவில் செய்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள்.

எங்கே வைப்பது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி: விலையை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, மாற்றினால் எத்தனை நாளில் நீங்கள் வெளியே வர முடியும். விஎம்வேர் விவகாரத்தில் சர்வர் நம் ரூமில் இருந்தது, சாவி நம் இடுப்பில் இருந்தது, விலைச்சீட்டு மட்டும் வேறு ஊரில் இருந்தது. இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் இங்கே எல்லோரும் கிளவுடில் மட்டும்தான் மாட்டிக்கொள்வோம் என்று பேசுகிறார்கள்.

2024 பிப்ரவரி 20

இப்போது ஈஆர்பி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தம்பி தனியாக எழுதியதில், ஈஆர்பி பதினைந்து வருடத்துக்கு முன் உள்ளூர்க்காரர் செய்து கொடுத்தது, ஒவ்வொரு பிசியிலும் எக்ஸி (புரோகிராம் ஃபைல்) போட்டு நேராக டேட்டாபேஸோடு பேசும் வகை என்கிறார். கொங்குப் பகுதியில் பாதி மில் இப்படித்தான் ஓடுகிறது. இதை இழிவாகச் சொல்லவில்லை. அந்த சாஃப்ட்வேர்களில் பஞ்சு லாட், மிக்ஸிங், கோன் கணக்கு எல்லாம் நம் மில்லுக்கு ஏற்ற மாதிரி இருக்கும். பெரிய பெயர் போட்ட ஈஆர்பியில் அதைக் கொண்டுவர வருடக்கணக்கில் மல்லாட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இந்த வகை புரோகிராம் ஒரு திரையை நிரப்ப ஒரே கேள்வி கேட்காது. வரிக்கு வரி டேட்டாபேஸைக் கேட்கும். மளிகைக் கடைக்கு உப்புக்கு ஒரு தடவை, புளிக்கு ஒரு தடவை என்று ஆள் அனுப்புகிற கதை. கடை பக்கத்து வீடாக இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆபீஸ் லேனில் (உள் நெட்வொர்க்கில்) ஒரு போக்குவரத்துக்கு அரை மில்லிசெகண்ட். 2,000 தடவை போனாலும் ஒரு வினாடி. மும்பையில் இருக்கும் சர்வருக்கு 30 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 2,000 தடவைக்கு 60 வினாடி. லைனை 100 எம்பியிலிருந்து 500 எம்பி ஆக்கினாலும் இந்த 60 குறையாது. தூரம்தான் காரணம், குழாயின் அகலம் இல்லை.

டெமோவில் இது தெரியாது. டெமோ காட்டுபவர் இருபது வரி இருக்கும் பில்லைத் திறந்து காட்டுவார். ஸ்டோர்ஸில் இருக்கும் அம்மா ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டாக் பட்டியலைத் திறக்கும்போதுதான் தெரியும்.

வழி இருக்கிறது. எக்ஸியையும் டேட்டாபேஸ் பக்கத்திலேயே வைத்துவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போவது. வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் அதற்கான லைசென்ஸ் வேண்டும், லேபிள் பிரிண்டர் தகராறு செய்யும், இன்டர்நெட் போனால் எடைமேடையில் லாரி நிற்கும். அந்தச் செலவைக் கிளவுட் கொட்டேஷனில் யாரும் எழுத மாட்டார்கள்.

2024 பிப்ரவரி 20, கொஞ்சம் கழித்து

சென்னையிலேயே கிளவுட் இருக்கிறதே என்று ஒருவர். உண்மைதான், மைக்ரோசாஃப்ட் 2015இல் இந்தியாவில் தொடங்கியபோதே புனே, மும்பையோடு சென்னையும் ஒன்று. தூரம் குறையும். ஆனால் புனேயில் கிடைக்கும் எல்லாச் சேவையும் சென்னையில் கிடைப்பதில்லை, கேட்டுக்கொண்டு இறங்குங்கள். அமேசான் 2016இல் மும்பை, 2022இல் ஹைதராபாத். கூகுள் மும்பை 2017, டெல்லி 2021.

2024 பிப்ரவரி 21

கேமரா ரெக்கார்டிங்கையும் கிளவுடில் ஏற்றலாமா என்று கேட்டவருக்கு: ஏற்றலாம். முதல் மாத பில் வந்ததும் அதைக் கேமராவில் காட்டுங்கள், பத்திரமாகப் பதிவாகும்.

2024 பிப்ரவரி 25

பணக் கணக்கு. இதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

உங்கள் மூன்று சர்வரில் மொத்தம் 48 கோர் (சிபியு-வுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) இருக்கிறது என்கிறீர்கள். விஎம்களுக்குக் கொடுத்திருக்கும் விசிபியு-வை, அதாவது விஎம் தன்னுடையது என்று நினைக்கும் சிபியு-வை, கூட்டிப் பாருங்கள். நிச்சயம் 48ஐத் தாண்டும். 90, 100 கூட இருக்கலாம். அது தப்பு இல்லை, விர்ச்சுவலைசேஷன் வந்ததே அதற்காகத்தான். பழைய காலத்தில் ஒரு வேலைக்கு ஒரு சர்வர் வாங்கி, பெரும்பாலான நேரம் பத்து சதவீதம்கூட வேலை இல்லாமல் சூடாக உட்கார்ந்திருக்கும். பத்து சர்வரை ஒன்றாக அடுக்கினால் ஒன்று தூங்கும்போது இன்னொன்று அந்த கோரை எடுத்துக்கொள்ளும். அந்த மிச்சம் உங்கள் பையில் இருந்தது.

இப்போது அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு கிளவுட் விற்பவரிடம் போனால், 90 விசிபியு-வுக்கும் தனித்தனியாகக் கொட்டேஷன் வரும். தூங்கும் நேரத்துக்கும் வாடகை. அதுவும் அங்கே ஒரு விசிபியு என்பது பெரும்பாலான இன்டெல் மெஷின்களில் ஒரு முழு கோர் கிடையாது, கோரின் ஒரு த்ரெட், ஒரு கோர் இரண்டாகத் தெரியும்போது அதில் ஒன்று. இருபது விஎம்மையும் அப்படியே தூக்கிக்கொண்டு போனவர்கள்தான் ஆறு மாதத்தில் "கிளவுட் விலை அதிகம்" என்று திரும்பி வருகிறார்கள்.

போவதற்கு முன் ஒரு மாதம் ஒவ்வொரு விஎம்மும் உண்மையில் எவ்வளவு சிபியு, எவ்வளவு மெமரி, டிஸ்க்கில் எத்தனை ஐஓபிஎஸ் (வினாடிக்கு எத்தனை முறை படிப்பது, எழுதுவது) எடுக்கிறது என்று அளந்து பாருங்கள். மாதக்கடைசியும் அதற்குள் வர வேண்டும். சம்பளம் போடும் நாளைப் பார்க்காமல் எடுத்த அளவு எதற்கும் ஆகாது.

2024 பிப்ரவரி 26

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 730 மணி நேரம். ஆபீஸ் மட்டும் பயன்படுத்தும் சர்வர் நாளைக்கு 10 மணி, மாதம் 26 நாள் என்றால் 260 மணி. மீதி நேரம் அணைத்துவைத்தால் மெஷின் வாடகையில் 64 சதவீதம் மிச்சம், டிஸ்க் வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ் எல்லாம் இதில் ஜெயிக்கலாம். ஸ்பின்னிங் மில் மூன்று ஷிப்ட். எப்போது அணைப்பது?

அப்புறம் ஆடிட்டரையும் கேளுங்கள். சொந்தமாக வாங்கும் கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் 40 சதவீதம் தேய்மானம். கிளவுட் வாடகை முழுதாகச் செலவில் போகும். ஜிஎஸ்டி 18 சதவீதம் இரண்டுக்கும் உண்டு, கிரெடிட்டும் உண்டு. வரியை மட்டும் காரணம் காட்டி முடிவெடுக்கும் அளவுக்கு வித்தியாசம் இருக்காது என்பது என் அனுபவம்.

2024 மார்ச் 3

கல்லூரி மாணவர் ஒருவர்: ஒரு மெஷினுக்குள் பத்து மெஷின் எப்படி ஓடுகிறது, யார் கண்டுபிடித்தது?

ஐபிஎம் 1972இலேயே விஎம்/370 என்று மெயின்ஃப்ரேமில் விற்றது. பிசி வகை எக்ஸ்86 சிப்பில்தான் நடக்காது என்று நினைத்தார்கள். காரணம், விர்ச்சுவலைஸ் செய்ய ஒரு சிப் எப்படி இருக்க வேண்டும் என்று போபெக்கும் கோல்ட்பெர்க்கும் 1974இல் எழுதிவைத்த நிபந்தனை. ஆபத்தான கட்டளை எதை விஎம் கொடுத்தாலும் சிப் நிறுத்தி மேலிடத்தை, அதாவது ஹைப்பர்வைசரைக் கேட்க வேண்டும். பழைய பென்டியத்தில் 17 கட்டளைகள் கேட்காமலே நழுவிவிடும். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மெண்டல் ரோசன்ப்ளம், அவர் மனைவி டயான் கிரீன் உட்பட ஐந்து பேர் 1998இல் விஎம்வேர் தொடங்கி, அந்தக் கட்டளைகளை ஓடும்போதே வேறு கட்டளையாக மாற்றி எழுதும் வித்தையைக் கொண்டுவந்தார்கள். 1999இல் வொர்க்ஸ்டேஷன், 2001இல் இஎஸ்எக்ஸ், 2003இல் ஓடும் விஎம்மை அணைக்காமலே வேறு சர்வருக்கு நகர்த்தும் விமோஷன். அதை முதலில் பார்த்தபோது எங்கள் ஆட்கள் வாயடைத்து நின்றார்கள். பிங் (மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் சோதனை) போய்க்கொண்டே இருக்கிறது, மெஷின் ரேக் மாறிவிட்டது.

2005, 2006இல் இன்டெலும் ஏஎம்டியும் சிப்பிலேயே வசதி கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு லினக்ஸுக்குள்ளேயே கேவிஎம் வந்தது, 2007 பிப்ரவரியில், லினக்ஸ் 2.6.20 வெர்ஷனில். அன்றைக்கே ஹைப்பர்வைசர் என்ற சரக்குக்கு விலை போய்விட்டது. விஎம்வேருக்குக் கொடுத்த பணம் மேலே இருக்கும் நிர்வாக வசதிக்குத்தான். இதைப் புரிந்துகொண்டால் மாற்று தேடுவதில் பயம் குறையும்.

2024 மார்ச் 16

செய்தி. கிளவுடை மொத்தமாக விட்டுப் போகிறவர்களிடம் டேட்டா வெளியே எடுக்கக் காசு வாங்க மாட்டோம் என்று கூகுள் ஜனவரியில் சொன்னது, இந்த மாதம் அமேசானும் மைக்ரோசாஃப்டும். ஐரோப்பியச் சட்டத்தின் அழுத்தம். தினசரி வெளியே எடுப்பதற்குக் காசு அப்படியே உண்டு. அமேசான் மும்பையில் ஜிபிக்கு ஏறத்தாழ 11 சென்ட், மாதத்தில் முதல் 100 ஜிபி இலவசம். உள்ளே போடுவதற்கு இலவசம்தான், அது ஏன் என்று சின்ன முதலாளியிடம் கேளுங்கள், வியாபாரம் தெரிந்தவர், உடனே சொல்வார்.

2024 ஏப்ரல் 9

"சொந்த சர்வரில் என்ன கஷ்டம் இருக்கு அண்ணா, நீங்க கிளவுடையே குறை சொல்றீங்க" என்று ஒருவருக்குக் கோபம். சரி, சொல்கிறேன்.

ஒரு மில்லில் வருடாந்தர எலக்ட்ரிகல் வேலைக்காக எல்லாவற்றையும் அணைத்தார்கள். திங்கள்கிழமை காலை திரும்பப் போட்டால் எதுவும் வரவில்லை. ஹோஸ்ட்கள் (விஎம்களை ஓட்டும் சர்வர்கள்) ஸ்டோரேஜை, அதாவது விஎம்களின் டிஸ்க் எல்லாம் இருக்கும் பொதுப் பெட்டியை, தேடுகின்றன. ஸ்டோரேஜை ஐபி எண்ணால் இணைக்காமல் பெயரால் இணைத்துவைத்திருக்கிறார் அமைப்பைப் போட்ட புண்ணியவான். பெயரை ஐபியாக மாற்றிச் சொல்ல டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ், எல்லோருடைய லாகினையும் பார்க்கும் டொமைன் கன்ட்ரோலரில். டொமைன் கன்ட்ரோலர் ஒரு விஎம். அந்த விஎம் இருப்பது ஸ்டோரேஜில்.

2012 மாதிரி மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில் இந்த மாதிரி முடிச்சு சீக்கிரம் வெளியே வந்துவிடும், ஏனென்றால் அடிக்கடி அணைந்தது. இப்போது கரண்ட் நன்றாக இருப்பதால் மூன்று வருடம் ஒளிந்திருந்து ஒரு நாள் பல்லைக் காட்டுகிறது. தீர்வு சின்னது. ஒரு டொமைன் கன்ட்ரோலரை ஏதாவது ஒரு ஹோஸ்டின் சொந்த டிஸ்க்கில் வையுங்கள். ஸ்டோரேஜுக்கு ஐபி. எது முன்னே எது பின்னே என்று எழுதிய காகிதத்தை ரேக் கதவில் ஒட்டுங்கள். காகிதம்தான், ஃபைல் சர்வரில் வேர்டு டாக்குமென்டாக வைக்காதீர்கள்.

இன்னொன்று, ஸ்னாப்ஷாட், விஎம்மின் அந்த நேர நிலையைப் பிடித்துவைப்பது. அப்டேட் போடும் முன் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு அழிக்க மறந்தால் அது வளர்ந்துகொண்டே போய் விஎம் டிஸ்க்குகள் இருக்கும் டேட்டாஸ்டோரை நிரப்பும், நிரம்பியதும் விஎம்கள் நின்றுவிடும். ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று சொல்பவரிடம் சம்பளம் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

2024 ஜூன் 2

ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி. ஆறு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். போன மாதம் சுமார் ஒரு வாரம் யாரும் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. கூகுள் இப்போது காரணத்தை வெளியிட்டிருக்கிறது. அவர்களுக்கு முன்பு அமைத்துக் கொடுத்தபோது உள் கருவி ஒன்றில் ஒரு கட்டத்தை வெற்றாக விட்டிருக்கிறார்கள். வெற்றாக விட்டால் ஒரு வருடக் கெடு என்று அந்தக் கருவி எடுத்துக்கொண்டது. கெடு முடிந்ததும் தானாக அழித்துவிட்டது, எச்சரிக்கைகூட இல்லை.

கவனிக்க வேண்டியது இரண்டு. அழிந்தது கூகுள் இடத்தில் ஓடிய விஎம்வேர் அமைப்பு. நாம் இங்கே பேசும் இரண்டும் ஒரே பெட்டியில். இரண்டாவது, மீட்கும்போது வேறு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்பும் கைகொடுத்தது. ஒரே நிறுவனத்திடம் எத்தனை ஊரில் நகல் வைத்தாலும் உங்கள் கணக்கு அங்கே ஒன்றுதான்.

2021 மார்ச் 10 ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற பிரெஞ்சு கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒரு கட்டடம் முழுதாக எரிந்தபோதும் இதே கதை. கிளவுடில் இருக்கிறது, ஆகவே பேக்கப் இருக்கும் என்று நினைத்தவர்கள் நிறைய. அது தனியாக வாங்க வேண்டிய சரக்கு.

2024 ஜூன் 5

பாதுகாப்பு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், எது பத்திரம் என்று. இரண்டிலும் திருடன் ஒரே கதவைத்தான் தேடுகிறான்: மேலாண்மைத் திரை. 2014இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கணக்குக்குள் ஒருவன் நுழைந்து சர்வர், டிஸ்க், பேக்கப் என்று பெரும்பாலானவற்றை அழித்தான், நிறுவனமே மூடப்பட்டது. இந்தப் பக்கம் 2023 பிப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐ-ஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான சொந்த ஹோஸ்ட்களைப் பூட்டியது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் இரண்டு வருடத்துக்கு முன்பே வந்திருந்தது. ஹோஸ்டின் திரையை இன்டர்நெட்டுக்குத் திறந்துவைத்திருந்தார்கள்.

கணக்குக்கு இரண்டாவது பூட்டு போடுங்கள், ஹோஸ்டை வெளியே காட்டாதீர்கள், பேக்கப் இருக்கும் கணக்கின் பாஸ்வேர்ட் சர்வர் ஓடும் கணக்குக்குத் தெரியக் கூடாது. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

2024 ஜூலை 14

ஆடிட்டர் நண்பர் நினைவூட்டியது, இதைப் பலர் கவனிப்பதில்லை. கம்பெனிச் சட்டக் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் திருத்தம் வந்தது. கணக்குப் புத்தகத்தை எலக்ட்ரானிக்காக வைத்திருந்தால் அதன் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். முன்பு தினமும் என்று இல்லை. 2023 ஏப்ரல் 1இலிருந்து கணக்கு சாஃப்ட்வேரில் யார் எதைத் திருத்தினார் என்ற தடமும் கட்டாயம். இது கம்பெனிகளுக்கு, திருப்பூரில் பாதி யூனிட் பார்ட்னர்ஷிப், அவர்களுக்கு இந்த விதி பொருந்தாது.

அதே 2022 ஏப்ரலில் இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவு: கணினித் தாக்குதல் தெரிந்தால் ஆறு மணி நேரத்தில் அறிவிக்க வேண்டும், லாக் (சர்வரில் என்ன நடந்தது என்ற பதிவு) 180 நாள் வைத்திருக்க வேண்டும். லாக் வைக்க டிஸ்க் வேண்டும், கொட்டேஷனில் அதைச் சேருங்கள்.

2024 செப்டம்பர் 8

தம்பி விஎம்வேருக்குப் பதிலாக பிராக்ஸ்மாக்ஸ் முயற்சி பண்ணிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். பண்ணுங்கள். வியன்னாக்காரர்கள் 2008இலிருந்து செய்வது. டெபியன் லினக்ஸ், அதில் கேவிஎம். இந்த மார்ச்சில் இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து விஎம்மை நேராக இழுத்துக்கொள்ளும் வசதி கொடுத்தார்கள். போன மாதம் வீம் என்ற பேக்கப் சாஃப்ட்வேரும் ஆதரவு கொடுத்துவிட்டது, அதுதான் பலர் காத்திருந்தது. சந்தா வேண்டுமானால் சிபியு சாக்கெட் கணக்கில், அதாவது எத்தனை சிப் என்று, கோர் கணக்கில் இல்லை. விஎம்வேர் பக்கம் ஒரு சிபியு-வுக்குக் குறைந்தது 16 கோர் என்று வாங்க வேண்டும், உங்கள் சிபியு-வில் எட்டே கோர் இருந்தாலும்.

உங்களுக்குச் சிக்கல் ஒரே இடத்தில். நெட்வொர்க் வழியே இணையும் பழைய ஐஸ்கசி ஸ்டோரேஜை மூன்று ஹோஸ்டும் பகிரும்போது பிராக்ஸ்மாக்ஸில் எல்விஎம் என்ற லினக்ஸ் டிஸ்க் முறையைப் போட வேண்டியிருக்கும், அதில் ஸ்னாப்ஷாட் வேலை செய்யாது. விண்டோஸ் விஎம்மை நகர்த்தும் முன் கேவிஎம்முக்கான விர்ட்ஐஓ டிரைவரை உள்ளே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நீலத்திரை. மெஷின் டேட்டா சாஃப்ட்வேரின் யுஎஸ்பி டாங்கிளை (லைசென்ஸ் சாவியாகச் செருகும் சின்னக் கருவி) கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த டாங்கிள் கிளவுடுக்கும் ஏறாது.

வெர்ஷன் 7 கெடுவை 2025 ஏப்ரல் 2 என்று முதல் நாள் போட்டிருந்தேன். அதை அக்டோபர் 2 வரை நீட்டியிருக்கிறார்கள். ஆறு மாதம் கூடுதல்.

2024 அக்டோபர் 27

37சிக்னல்ஸ் என்ற அமெரிக்க சாஃப்ட்வேர் கம்பெனி கிளவுடை விட்டு வந்து கோடிக்கணக்கில் மிச்சம் பிடித்ததை மூன்று பேர் பகிர்ந்துவிட்டீர்கள். போதும். 2022இல் அவர்கள் கிளவுட் செலவு 32 லட்சம் டாலர். ஏற்கெனவே வாடகை டேட்டா சென்டரில் ரேக்கும் அதைக் கவனிக்கும் ஆட்களும் வைத்திருந்தவர்கள், டெல் சர்வர் வாங்கி அதில் சேர்த்தார்கள். டிராப்பாக்ஸும் அப்படி, அமேசானிலிருந்து வெளியே வந்து இரண்டு வருடத்தில் 7.46 கோடி டாலர் செலவு குறைந்ததாகப் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் எழுதியது.

எதிர்ப்பக்கம் நெட்ஃபிளிக்ஸ். 2008இல் டேட்டாபேஸ் கெட்டு மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போனதும் கிளவுடுக்குக் கிளம்பினார்கள், 2016 ஜனவரியில்தான் முடித்தார்கள். ஏழு வருடம். அப்படியே தூக்கி வைக்காமல் எல்லாவற்றையும் திரும்ப எழுதினார்கள்.

இரண்டு கதையிலும் ஒரே விஷயம். சுமை சீராக இருந்தால் சொந்தம் மலிவு, ஏறி இறங்கினால் வாடகை மலிவு, எந்தப் பக்கம் போனாலும் வேலை தெரிந்த ஆள் வேண்டும். ஈரோட்டு மில்லில் ஐடி ஆள் ஒருவர், அவருக்கே டோனர் மாற்றும் வேலையும் உண்டு. அதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

2025 ஜனவரி 19

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி கூப்பிட்டார்கள், கிளவுட் பில் ஏறிக்கொண்டே போகிறது, யாரோ உள்ளே புகுந்துவிட்டானா என்று பயம். யாரும் புகவில்லை. அழித்த விஎம்களின் டிஸ்க்குகள் தனியாக நின்று வாடகை தின்கின்றன. தினம் ஒரு ஸ்னாப்ஷாட், பழையதை அழிக்க யாரும் சொல்லவில்லை. டிசைனர் ஒருவர் சாம்பிள் படங்களை வெளிநாட்டு வாங்குபவருக்கு நேராக அங்கிருந்தே அனுப்புகிறார், ஒவ்வொரு ஜிபிக்கும் மீட்டர். டெஸ்டுக்காகப் போட்ட மெஷின் ஒன்று தீபாவளிக்கு முன்பிருந்து ஓடுகிறது.

சொந்த சர்வர் ரூமில் குப்பை சேர்ந்தால் இடம்தான் போகும். அங்கே குப்பைக்கும் மாத பில். ஒவ்வொரு மெஷினுக்கும் யாருடையது, எதற்கு, எப்போது அழிக்கலாம் என்று டேக் போடச் சொல்லிவிட்டு வந்தேன். போடுவார்களா தெரியாது.

2025 ஏப்ரல் 13

இலவச இஎஸ்எக்ஸ்ஐ திரும்ப வந்துவிட்டது. 8.0 அப்டேட் 3இ. போன வருடம் பிப்ரவரியில் நான் அதற்கு இங்கே ஒப்பாரி வைத்திருந்தேன், வாபஸ். வீட்டில் படித்துப் பார்க்க நல்லது. இதை நம்பி மில்லை ஓட்டாதீர்கள், போனது வந்தது மறுபடி போகும்.

2025 ஜூன் 22

தம்பி முடித்துவிட்டார். மெயிலும் ஆபீஸ் ஃபைல்களும் சந்தாச் சேவைக்குப் போய்விட்டன, அதில் எனக்கு மறுப்பே இல்லை. சொந்த மெயில் சர்வர் வைத்து ஸ்பேமோடு சண்டை போடும் வயதை எல்லோரும் தாண்டிவிட்டோம். ஏஜென்டுகள் நூல் ஸ்டாக் பார்க்கும் வெப்சைட் கிளவுடில், இரண்டே சின்ன மெஷின். ஈஆர்பி, மெஷின் டேட்டா, டாங்கிள் எல்லாம் மில்லிலேயே, பிராக்ஸ்மாக்ஸில். இரவு பேக்கப் ஒரு நகல் மும்பையில், 30 நாளைக்கு நிர்வாகியே அழிக்க முடியாத பூட்டோடு. சின்ன முதலாளிக்குச் சர்வர் ரூமை மூட முடியவில்லை என்று வருத்தம். பாதி ரேக் காலியாகிவிட்டது, ஏசி ஒன்று குறைந்தது.

2025 ஆகஸ்ட் 17

பிராக்ஸ்மாக்ஸ் 9 வந்திருக்கிறது. பகிர்ந்த எல்விஎம்மில் ஸ்னாப்ஷாட் கிடையாது என்று முன்பு எழுதியது இனி மாறும், இப்போதைக்கு முன்னோட்டம் என்ற பெயரில் கொடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் உண்மையான வேலைக்குப் போடவில்லை.

2025 அக்டோபர் 26

20ஆம் தேதி அமேசானின் வர்ஜீனியா பகுதி படுத்தது. அவர்கள் சொன்ன காரணம்: டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவையின் டிஎன்எஸ் பதிவுகளைத் தானாகப் புதுப்பிக்கும் அமைப்பில் இரண்டு வேலைகள் முட்டிக்கொண்டு, முகவரிப் பதிவே வெறுமையாகிவிட்டது. நம் சர்வர் மும்பையில், நமக்கென்ன என்று கேட்டால்: ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஓடின. ஆனால் உலகம் முழுமைக்கும் பொதுவான சில நிர்வாக வேலைகள் வர்ஜீனியாவில்தான் இருக்கின்றன. புதிதாக ஒரு ஆளுக்கு அனுமதி கொடுப்பது போன்றவை. உங்கள் மீட்புத் திட்டத்தில் "அப்போது புதுக் கணக்கு உருவாக்குவோம்" என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிட்டு, இப்போதே உருவாக்கி வைத்துவிடுங்கள்.

போன வருடம் ஏப்ரலில் எழுதிய டொமைன் கன்ட்ரோலர் கதையை ஒருவர் எடுத்துப் போட்டு "அவங்களுக்கும் டிஎன்எஸ்தானா" என்று சிரித்திருக்கிறார். ஆமாம், அவர்களுக்கும் அதேதான்.

2025 நவம்பர் 16

தம்பியும் நானும் சேர்ந்து செய்து பார்த்தது. கிளவுடில் இருக்கும் அந்த ஏஜென்ட் வெப்சைட்டை மில்லுக்குக் கொண்டுவர முடியுமா என்று. தேவை இருந்து செய்யவில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு காசு என்று தெரிந்துவைத்துக்கொள்ளத்தான்.

டிஸ்க் இறக்கியது சுலபம். 500 ஜிபி இருந்தால் 100 எம்பி லைனில் 11 மணி நேரம் பிடிக்கும், இது அதைவிடச் சின்னது. லினக்ஸ் மெஷின் எழுந்தது, நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியதால் ஐபி வாங்காமல் உட்கார்ந்திருந்தது, சரிசெய்தோம். மாட்டிக்கொண்டது டேட்டாபேஸில். அது விஎம்மில் இல்லை, கிளவுட்காரர்களே பராமரிக்கும் சேவை. அதை டிஸ்க்காக எடுக்க வழியே கிடையாது, டம்ப் (டேட்டா முழுவதையும் ஒரு ஃபைலாக) எடுத்து வேறிடத்தில் ஏற்ற வேண்டும். மில்லில் இருந்த வெர்ஷன் பழையது, ஏற மறுத்தது. புது வெர்ஷன் போட்டு ஏற்றினோம்.

இரண்டில் மற்றதான விண்டோஸ் மெஷின் இன்னும் பாக்கி. வாடகைக்குள்ளேயே விண்டோஸ் லைசென்ஸ் இருந்ததால் மில்லுக்கு வந்ததும் அதற்கு லைசென்ஸே இல்லை. தனியாக வாங்கினால் சர்வருக்குக் குறைந்தது 16 கோர் கணக்கு, ஸ்டாண்டர்ட் என்ற வகையில் இரண்டு விஎம் மட்டும். மூன்று ஹோஸ்டில் எதில் வேண்டுமானாலும் ஓடலாம் என்றால் மூன்றுக்கும் வாங்க வேண்டும். விலை கேட்டிருக்கிறோம், வந்ததும் இங்கேயே போடுகிறேன்.